ஆணையம் என் புகாரை விசாரிக்காமலே மூடிவிட்டது. பிறகு அது எதற்கு?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ளாட்சி அதிகாரி ஒருவர் மீது நீங்கள் அனுப்பிய புகாருக்கு, "விசாரணை மேற்கொள்ளப் போவதில்லை" என்று ஐகாக் எனப்படும் சுயேச்சை ஊழல் தடுப்பு ஆணையம் பதில் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். கோபம் வருவது இயல்புதான்.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்த ஆணையம், மனுதாரருக்கும் அதிகாரிக்கும் இடையிலான வழக்கைத் தீர்த்துவைக்கும் இடம் அன்று. உங்கள் மனு அதற்கு ஒரு தகவல், அவ்வளவே. தீவிரமான, அமைப்பு ரீதியான ஊழலிலேயே இயன்றவரை கவனம் செலுத்த வேண்டும் என்று அச்சட்டம் பணிப்பதால், மிகச் சில புகார்களே முழு விசாரணையை எட்டுகின்றன. வேறு சில, புகாருக்கு உள்ளான அதே துறைக்கே அனுப்பப்படுவதும் உண்டு. திருடியவன் வீட்டிலேயே பஞ்சாயத்தா என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆயினும் அப்படி அனுப்பும்போது, என்ன செய்தீர்கள் என்று அறிக்கை கேட்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. தவிர, ஊழல் நடந்திருக்கலாம் என்று நியாயமாகச் சந்தேகிக்கும் துறைத் தலைவர் அதைத் தாமாகவே ஆணையத்துக்குத் தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்.

விசாரணை என்று தொடங்கிவிட்டால் நிலைமையே வேறு. சாட்சிக் கூண்டில் நிற்பவர், தம்மையே சிக்கவைக்கும் கேள்வி என்று சொல்லிப் பதிலளிக்க மறுக்க முடியாது. ஆட்சேபம் தெரிவித்துவிட்டுப் பதில் சொன்னால், பொய் சாட்சி போன்ற குற்றங்கள் நீங்கலாக, அப்பதிலை அவருக்கு எதிரான குற்ற வழக்கில் பயன்படுத்த முடியாது. ஆணையம் ஒருவரை ஊழல் புரிந்தவர் என்று அறிவித்த பின்பும் தண்டனை வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். வழக்குத் தொடுப்பதா என்பதில் அரசு வழக்குத் தொடர்வு இயக்குநரின் ஆலோசனையைப் பெற வேண்டும்; தண்டிப்பது நீதிமன்றம் மட்டுமே. ஆணையத்தை உருவாக்கிய முதல்வர் நிக் கிரைனரே 1992இல் அதன் முடிவையடுத்துப் பதவி விலகினார். ஆணையம் அதிகார வரம்பை மீறிவிட்டது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பின்னரே தீர்ப்பளித்தது. பாரி ஓ'ஃபாரலின் முதல்வர் பதவி 2014இல் பறிபோனதற்கு, பெற்றதாக நினைவில்லை என்று அவர் ஆணையத்திடம் சாட்சி சொல்லியிருந்த ஒரு பரிசுக்கு, அதாவது ஒரு புட்டி 1959ஆம் ஆண்டு ஒயினுக்கு, அவர் தம் கைப்பட எழுதிய நன்றிக் குறிப்பு போதுமானதாக இருந்தது. இத்தனைக்கும் அவர் ஊழல் புரிந்ததாக ஆணையம் முடிவு கூறவே இல்லை.

மீண்டும் எழுதுவதாக இருந்தால் "அவர் நேர்மையற்றவர்" என்று எழுதாதீர்கள். எந்தத் தேதியில், எந்தக் கோப்பில், யாருக்கு என்ன ஆதாயம் கிடைத்தது, அதை நீங்கள் எப்படி அறிந்தீர்கள் என்பதை எழுதுங்கள். பெயர் குறிப்பிடாமலும் அனுப்பலாம், ஆனால் மேல்விவரம் கேட்க ஆளில்லாமல் போய்விடும். ஆணையமே முறைகேடாக நடந்துகொண்டதாகக் கருதினால் அதற்கென உள்ள ஆய்வாளரிடம் முறையிடலாம். ஆணையத்தின் முடிவை ரத்துசெய்யும் அதிகாரம் மட்டும் அவருக்கு இல்லை.