புது வீட்டுக்குச் சூடும் காற்றும்: கேட்டதும் சொன்னதும்

குளிர் கடுமையாக இருக்கும் இடத்தில் புது வீடு கட்டப் போகிறவர்கள் நிறையக் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். பல வருடமாக இதுதான் என் வேலை. முடிந்தவரை நேராகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: 180 சதுர மீட்டர் வீடு, நாங்கள் நாலு பேர். எத்தனை கிலோவாட் ஹீட் பம்ப் வாங்கலாம்?

பதில்: ஹீட் பம்ப் என்பது வெளியே இருக்கிற வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் தருகிற மெஷின். பரப்பளவை மட்டும் வைத்து யாராவது ஒரு எண் சொன்னால் நம்பாதீர்கள். நல்ல இன்சுலேஷனோடு (வெப்பம் வெளியே போகாமல் தடுக்கிற உறை), இடுக்கு எதுவும் இல்லாமல் கட்டிய பாஸிவ் ஹவுஸ் வகை வீட்டுக்குக் கடுங்குளிர் நாளிலும் சதுர மீட்டருக்குச் சுமார் 10 வாட் போதும், அதாவது உங்கள் அளவுக்கு 1.8 கிலோவாட். அதே அளவில் காற்று ஒழுகும் பழைய வீடு என்றால் 18 கிலோவாட் கூடக் கேட்கும். பத்து மடங்கு வித்தியாசம்! அதனால் சுவர், கூரை, தரை, ஜன்னல் எல்லாவற்றையும் சேர்த்து, அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்குப் போட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். "எதற்கும் கொஞ்சம் பெரிதாகவே போடுவோம்" என்பது பாய்லர் காலத்துப் பழக்கம். தேவைக்கு மேல் பெரிய ஹீட் பம்ப், மிதமான நாட்களில் ஐந்து நிமிடம் ஓடி நின்று மறுபடி ஓடி என்று இருக்கும், கம்ப்ரஸரும் தேயும், கரண்ட் பில்லும் ஏறும்.

கேள்வி: தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் போடுவதா, சுவரில் மாட்டுகிற வெந்நீர் ரேடியேட்டரா? வீட்டில் இரண்டு கட்சியாக இருக்கிறோம்.

பதில்: தண்ணீரை எத்தனை டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்று பாருங்கள், சண்டை தீர்ந்துவிடும். முழுத் தரையும் சூடு கொடுப்பதால் 35 டிகிரித் தண்ணீரே போதும். சின்ன ரேடியேட்டர் 55, 60 கேட்கும். தண்ணீரின் சூடு ஏற ஏற ஹீட் பம்பின் திறன் இறங்கும்: 35 டிகிரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நாலு யூனிட் அளவுக்கு வெப்பம் தருகிற அதே மெஷின், 55க்குப் போனால் மூன்றுக்கும் கீழே வந்துவிடும். கீழ்த்தளத்தில் தரைக் குழாய், மேலே 45 டிகிரிக்குக் கணக்குப் போட்டு வாங்கிய பெரிய ரேடியேட்டர்கள் என்று வைத்தால் இரண்டு கட்சிக்கும் சரி. ஒன்று மட்டும், கான்கிரீட் தரை சூடேற மணிக்கணக்கில் ஆகும், அதை ஸ்விட்ச் போல அணைத்து அணைத்துப் போடக் கூடாது. மேலே கனமான கம்பளமும் விரிக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, காற்றுக்குத் தனியாக மெஷின் எதற்கு? ஜன்னலைத் திறந்தால் போதாதா?

பதில்: திறப்பீர்களா என்பதுதான் விஷயம். வெளியே உறைபனி, ராத்திரி இரண்டு மணி, யாரும் எழுந்து திறப்பதில்லை. பழைய வீடுகளில் கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று தானாக வந்து போனது, புது வீட்டில் அந்த இடுக்கை எல்லாம் நாமே காசு கொடுத்து அடைக்கிறோம். ஒரு முறை என் படுக்கையறையில் கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் வைத்தேன். படுக்கும்போது 600 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 600 பங்கு), கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு இரண்டு பேர் தூங்கி எழுந்தபோது 2,300. அறைக்குள் 1,000ஐத் தாண்டக் கூடாது என்று ஜெர்மன் சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர் 1858லேயே சொல்லிவிட்டார். காலையில் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் விரலால் வழிக்கிற அளவுக்குத் தண்ணீர் கோத்திருந்தது. மூச்சு, குளியல், சமையல், துணி உலர்த்துவது எல்லாம் சேர்த்து நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் அளவுக்கு ஈரம் காற்றில் கலக்கலாம். அது போக வழியில்லாவிட்டால் அலமாரிக்குப் பின்னால், வெளிச்சுவர் மூலையில், கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். குழந்தைகள் அதைத்தான் சுவாசிக்கும்.

வெப்ப மீட்பு வென்டிலேஷன் செய்வது இதுதான்: குளியலறை, சமையலறையிலிருந்து ஈரக் காற்றை இழுத்து, அதன் சூட்டில் எண்பது சதவீதத்துக்கும் மேல் உள்ளே வருகிற புதுக் காற்றுக்கு மாற்றி, படுக்கையறைக்கும் கூடத்துக்கும் அனுப்பும். இரண்டு காற்றும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. கதவுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அறைக்குள் வந்த காற்று வெளியே போக வழி இருக்காது.

கேள்வி: சத்தம் வருமாமே?

பதில்: ஒழுங்காகப் போட்டால் வராது. என் வீட்டில் வந்தது. டக்ட் (காற்றுக் குழாய்) போட்டவர் வளைகிற குழாயை ஒரு உத்தரத்தின் மேல் மடித்து இழுத்துவிட்டார், குழந்தையின் அறையில் ராத்திரி முழுக்க விசில் மாதிரி ஒரு சத்தம். கூரைப் பலகையைப் பிரித்து விறைப்பான குழாயும் சைலன்ஸரும் வைத்த பிறகுதான் நின்றது. மெஷினைக் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள், ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஏணி வைத்து ஏற வேண்டிய இடம் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சுகிற ஹூட்டை அதே டக்டில் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே படியும், அது தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

கேள்வி: விறகு அடுப்பு ஒன்று வைக்க ஆசை.

பதில்: இடுக்கில்லாத வீட்டில், எரிவதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து தனிக் குழாயில் எடுக்கிற அடுப்பு மட்டும்தான். ஹூட் ஓடும்போது புகை அறைக்குள் திரும்பினால் கார்பன் மோனாக்ஸைடும் கூடவே வரும், அதற்கு வாசனையே கிடையாது. அலாரம் கட்டாயம், இதில் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: பணம் இழுபறியாக இருக்கிறது. எதை முதலில் செய்வது?

பதில்: இன்சுலேஷன், ஜன்னல், காற்று ஒழுகாத வேலைப்பாடு. ஹீட் பம்ப்பைப் பதினைந்து இருபது வருடத்தில் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள், சுவரைத் திறக்க மாட்டீர்கள். வென்டிலேஷன் மெஷினை இப்போது வாங்க முடியாவிட்டாலும் டக்ட்டை மட்டும் போட்டுவிடுங்கள், அது வரைக்கும் குளியலறையிலும் சமையலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன், படுக்கையறை ஜன்னலில் காற்றுத் துளை. அப்புறம், உள்பலகை அடிப்பதற்கு முன்பே, வாசலில் ஒரு பெரிய ஃபேன் வைத்து 50 பாஸ்கல் அழுத்தத்தில் கசிவுச் சோதனை செய்யச் சொல்லி, நீங்களும் போய் நில்லுங்கள். ஃபேன் ஓடும்போது ஸ்விட்ச் பெட்டி, ஜன்னல் சட்டம், குழாய் சுவருக்குள் நுழைகிற இடம் எல்லாவற்றிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று காற்று படுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். அன்றைக்கு அதை அடைக்க ஒரு டேப் சுருள் போதும்.