பட்டறையில் விரல் போனால் அது தொழிலாளியின் கவனக்குறைவுதானா?

கோவைப் பக்கத்துப் பட்டறைகளில் யாருக்காவது அடிபட்டால் இன்றும் ‘அவன் கவனமாக இல்லை’ என்ற பேச்சே முதலில் எழுகிறது, இந்த எண்ணம் மாறியிருக்கிறதா, தொழிலாளியின் சொந்தப் பொறுப்பு எதுவரை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 1989இல் கணபதியில், தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தவன். இப்போது சின்னவேடம்பட்டியில் ஏழு பேர் வேலை செய்யும் ஒரு சிறிய பட்டறையை நடத்துகிறேன். கூலி வாங்கும் இடத்திலும் கூலி கொடுக்கும் இடத்திலும் நின்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எண்ணம் மாறியிருக்கிறது. ஆனால் ‘கவனம்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாப் பொறுப்பையும் போட்டு மூடிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

என் இடது ஆள்காட்டி விரலின் மேல் கணு 1994இல் போனது. பம்ப் மோட்டாருக்கான ஸ்டாம்பிங், அதாவது தகட்டில் வெட்டி எடுக்கும் பாகம், அடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்துப் பவர் பிரஸ்ஸில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் ‘கிளட்ச் பின்’ என்ற முளை ஃப்ளைவீலோடு கோத்துக்கொள்ள, தகட்டை அழுத்தும் ராம் ஒரு முறை இறங்கி ஏறும். அதுதான் ஓர் அடி. மிதித்த காலை எடுத்ததும் அந்த முளை விலகிவிட வேண்டும். அதை விலக்குவது ஒரு சிறிய ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் தளர்ந்தாலோ பின்னின் முனை தேய்ந்தாலோ, யாரும் மிதிக்காமலே ராம் இரண்டாம் முறை இறங்கும். ‘டபுள் அடிக்கிறது’ என்று சொல்வோம். அந்த வகைப் பிரஸ்ஸில் இறங்கத் தொடங்கிய ராமைப் பாதி வழியில் நிறுத்த வழியே கிடையாது.

அன்று காலையிலேயே அது இரண்டு முறை டபுள் அடித்தது. ஃபோர்மேனிடம் சொன்னேன். “பாத்து ஓட்டு கண்ணு, லோடு போகோணும், சாயங்காலம் பிரிச்சுப் பாத்துக்கலாம்” என்றார். அவர் கெட்டவர் அல்லர். எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். தகட்டை எடுத்து வைப்பதற்கான இடுக்கி, ராமுக்குக் கீழே இருக்கும் டை என்ற அச்சின் பக்கத்திலேயே கிடந்தது. ஆயிரம் அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்ததால், கையால் வைத்தால் மதியத்துக்குள் முந்நூறு, நானூறு அடி கூடுதலாக வரும் என்று இடுக்கியை நான்தான் ஒதுக்கி வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு ராம் தானாக இறங்கியது. சத்தம்கூட வழக்கமான சத்தமாகத்தான் இருந்தது. தகட்டின் மீது ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வலி தெரிந்தது.

முதலாளி மருத்துவச் செலவு முழுவதையும் கொடுத்தார், நான் வேலைக்கு வராத நாட்களுக்கும் கூலி கொடுத்தார். மறுநாள் பட்டறை வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். நேரம் சரியில்லை என்று உறவினர்கள் சொன்னார்கள். என் அம்மா உட்பட எல்லோரும் நான் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். நானும் பல ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். விரல் குறைந்தவன்தான் தேறிய பிரஸ்காரன் என்று பேசிக்கொண்ட காலம் அது. அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒரு ஷிப்டில் நான் ஏறத்தாழ நாலாயிரம் அடி அடிப்பேன். நாலாயிரம் முறையும் கண்ணும் கையும் காலும் ஒருசேர இயங்கும், ஒரு முறைகூடப் பிசகாது என்று நம்பி ஒரு வேலையை அமைத்தால், அந்த அமைப்பில்தான் குறை இருக்கிறது. தூங்காத குழந்தையோடு இரவைக் கழித்தவனுக்கும், அட்வான்ஸ் வாங்கிய கடனை நினைத்துக்கொண்டு நிற்பவனுக்கும் மதியத்துக்கு மேல் கவனம் குறையத்தான் செய்யும். அது குற்றமல்ல. இடுக்கியை ஒதுக்கியது என் குற்றம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேகத்துக்குக் கூலி வைத்தவரும், டபுள் அடிக்கும் பிரஸ்ஸை ஓட்டச் சொன்னவரும் அதே விபத்தில் பங்குள்ளவர்கள்.

சட்டம் இந்த வேறுபாட்டை நம்மைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறது. இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு போட வேண்டிய கடமையை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு நிர்வாகத்தின் மீது வைத்தது; போட்ட காப்பை வேண்டுமென்றே கெடுக்கவோ தவறாகப் பயன்படுத்தவோ கூடாது என்று 111ஆம் பிரிவு தொழிலாளிக்குச் சொன்னது. அதற்கும் முந்தைய 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டை மறுப்பதற்குக் காரணமாக இருக்கவில்லை. குடித்திருந்தது, வெளிப்படையான உத்தரவை வேண்டுமென்றே மீறியது, காப்பை வேண்டுமென்றே கழற்றியது போன்றவை மட்டுமே முதலாளிக்கு விலக்குத் தந்தன. அவற்றிலும் உயிர் போயிருந்தாலோ முழுமையான நிரந்தர ஊனம் ஏற்பட்டிருந்தாலோ அந்த விலக்கு இருக்கவில்லை. அதே சட்டத்தின் அட்டவணை ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் சம்பாதிக்கும் திறனில் 9 சதவீதம் இழப்பு என்றும், கட்டை விரல் முழுவதும் போனால் 30 சதவீதம் என்றும் கணக்கிட்டது. என் விரலுக்கு ஒரு கணக்கு இருந்தது என்பதே எனக்குப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆனால் மின்சாரம் கொண்டு இயங்கும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்தியிருக்கிறது. கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி என்று எங்கு பார்த்தாலும் ஐந்து பேர், எட்டுப் பேர் வைத்து ஜாப் ஒர்க், அதாவது பிறருக்குக் கூலிக்கு வேலை, செய்யும் பட்டறைகள்தான். என் பட்டறையும் அப்படித்தான். அந்த எண்ணிக்கையை எட்டாத இந்த இடங்களில் முதலாளி தானாக மனம் வைக்காவிட்டால் கேட்பதற்கு ஆள் வருவது அரிது.

மாற்றம் இல்லாமல் இல்லை. கணினி வழியில் இயங்கும் சிஎன்சி இயந்திரங்களில் கதவு மூடாமல் ஸ்பிண்டில் என்ற சுழல் தண்டு சுற்றாது என்பதைப் பார்த்து வளர்ந்த பையன்கள், பழைய பிரஸ்ஸின் முன்னால் நின்றதும் “இதுக்கு கார்டு இல்லீங்களா?” என்று காப்பைக் கேட்கிறார்கள். நாங்கள் அப்படிக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் பயந்தாங்கொள்ளி என்றிருப்பார்கள். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனங்களின் ஆட்கள் வந்து பார்ப்பதாலும் சில இடங்கள் திருந்தியிருக்கின்றன. அதே சமயம், இரு கையும் டைக்கு வெளியே இருக்கவென்று இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய இரண்டு பொத்தான்களில் ஒன்றை டியூப் ரப்பரால் கட்டிவிட்டு ஒரு கையால் ஓட்டுவதையும் பார்க்கிறேன். அடி எண்ணிக்கைக்குக் கூலி இருக்கும் வரை அந்த ரப்பரை எத்தனை முறை அறுத்தாலும் மறுபடியும் கட்டுவார்கள்.

பாதுகாப்பு என்றால் கையுறையும் ஹெல்மெட்டும் என்று மட்டும் நினைப்பதும் ஆபத்துதான். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சேர்ந்த ஒரு பையன், தன் சொந்தக் காசில் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டு டிரில்லிங் மெஷினில் நின்றான். ஓடிப் போய் நிறுத்தினேன். சுற்றுகிற டிரில்லில் கையுறையின் ஒரு நூல் சிக்கினால் போதும், அது கையையே இழுத்துக்கொண்டு போய்விடும். லேத் என்ற கடைசல் இயந்திரத்துக்கும் இதே விதிதான். அவனிடம் பொறுப்பு இருந்தது. எதற்கு, ஏன் என்று சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது, அதைத்தான் முதல் நாளே நான் செய்யாமல் விட்டிருந்தேன்.

ஆகவே தொழிலாளியின் பொறுப்பு எதுவரை என்ற கேள்விக்கு நான் என் பட்டறையில் வைத்திருக்கும் பதில் இது. காப்பைக் கழற்றக் கூடாது, லேத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கில், அதை இறுக்கும் சாவியை விட்டுவிட்டு ஓடவிடக் கூடாது, குடித்துவிட்டு வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தேகம் வந்தால் யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தியதற்காகக் கூலி குறையாது என்ற உறுதியை நான் கொடுக்க வேண்டும். அதற்காகவே பிரஸ்ஸில் அடிக்கணக்குக் கூலியை எடுத்துவிட்டு நாள் கூலியாக்கினேன். உற்பத்தி கொஞ்சம் குறைந்தது உண்மை. கிளட்ச் ஸ்பிரிங்கை ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைக்கும்போது ஒரு முறையும், இடையில் தேவைப்படும் போதெல்லாமும் மாற்றுகிறோம். இப்போது பாதி ஆட்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் என்பதால் எச்சரிக்கையைத் தமிழோடு ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

போன மாதம் லோடு ஏற்ற வண்டி வந்து நின்றிருந்த நேரத்தில், ஒடிசாவைச் சேர்ந்த ஒரு தம்பி பிரஸ்ஸை நிறுத்திவிட்டு என்னை வந்து கூப்பிட்டான். “அண்ணா, சத்தம் வேற மாதிரி” என்றான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான்; ‘பார்த்து ஓட்டு’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கிளட்ச்சைப் பிரித்தோம். கிளட்ச் பின்னின் முனை ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டோம். புதிய பின் போட்டு மறுநாள் காலை ஓட்டினோம்.