நல்லாத்தானே தெரியுது டாக்டர்? கண் பற்றி வாசகர்களின் கேள்விகள்

இந்தத் தடவை கேள்விகள் நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: மனிதக் கண் 576 மெகாபிக்சல் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? (மதுரை)

அந்த எண்ணை மறந்துவிடுங்கள். கேமரா எடுக்கும் படம் மூலைக்கு மூலை தெளிவாக இருக்கும், கண் அப்படி இல்லை. கையை முழுசாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த நகத்தின் அகலத்துக்குத்தான் நமக்குக் கூர்மையான பார்வை. நம்ப முடியவில்லை என்றால் இந்த வரியில் ஒரு சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டு, கண்ணை அசைக்காமல் நாலு சொல் தள்ளி இருப்பதைப் படித்துப் பாருங்கள், முடியாது. கண் நொடிக்கு மூன்று தடவை போலத் தாவித் தாவிப் பார்க்கிறது, அந்தத் துண்டுகளை எல்லாம் மூளைதான் ஒட்டி ஒரே காட்சியாகக் கொடுக்கிறது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் இடது பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து 8 செ.மீ. தள்ளி வலது பக்கம் மிளகு அளவு ஒரு கரும்புள்ளி. இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெதுவாக முகத்தருகே கொண்டுவாருங்கள். ஓர் அடி தூரத்துக்குப் பக்கத்தில் புள்ளி காணாமல் போகும்! விழித்திரையின் சுமார் 10 லட்சம் நரம்பிழைகளும் ஒன்றுசேர்ந்து வெளியேறும் இடம் அது, அங்கே ஒளியை உணரும் செல் ஒன்றுகூடக் கிடையாது. 1660-களில் மரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டுபிடித்தார். அதுவரை யாருக்குமே தன் பார்வையில் ஒரு ஓட்டை இருப்பது தெரியாது. ஏனென்றால் அந்த இடம் கறுப்பாகத் தெரிவதில்லை, சுற்றி இருக்கும் வெள்ளையை வைத்தே மூளை அதை நிரப்பிவிடுகிறது.

கேள்வி: அப்பாவுக்கு கிளாக்கோமா என்கிறார்கள். அவர் பேப்பர் படிக்கிறார், வண்டி ஓட்டுகிறார், பரிசோதனையில் 6/6 வந்தது. சொட்டு மருந்து அவசியம்தானா? (ஈரோடு)

அவசியம். தயவுசெய்து ஒரு நாள்கூட விடாதீர்கள்.

மேலே சொன்ன ஓட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கிளாக்கோமாவில் பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகின்றன, பெரும்பாலும் பக்கவாட்டுப் பார்வைதான் முதலில் போகும். போன இடத்தை மூளை வழக்கம்போல நிரப்பிக்கொண்டே இருக்கும், ஒரு கண்ணில் விட்டுப்போனதை இன்னொரு கண் ஈடுகட்டும். பெரும்பாலானவர்களுக்கு வலியும் இருக்காது. 6/6 என்பது நடுப் பார்வையை மட்டும் அளக்கும் எண், அது கடைசிவரை நன்றாகவே இருக்கலாம். "நல்லாத்தானே தெரியுது டாக்டர்" என்று சொல்லி மருந்தை நிறுத்தியவர்கள் இரண்டு வருடம் கழித்து வாசற்படியில் இடித்துக்கொண்டு வந்து நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசு கனத்துப்போகும். செத்த இழையை மீட்க இன்றைக்கும் வழியில்லை, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் அந்தச் சொட்டு.

அப்புறம், இது குடும்பத்தில் வரக்கூடியது. உங்களுக்கு 40 தாண்டியிருந்தால் கண் அழுத்தத்தையும் நரம்பையும் வருடம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், உடன்பிறந்தவர்களிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. பல வருடமாகப் படிக்கக் கண்ணாடி போட்டவர், இப்போது கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். கீரை சாப்பிட்டதால் பார்வை திரும்பிவிட்டது என்கிறார். (தஞ்சாவூர்)

கீரை நல்லதுதான், அதை நிறுத்த வேண்டாம். ஆனால் இது பெரும்பாலும் கண்புரையின் வேலை. கண் லென்ஸ் வயதாக ஆக இறுகும், கிட்டப் பார்க்க வளைந்து கொடுக்காது, அதனால்தான் நாற்பதுகளில் வெள்ளெழுத்து வருகிறது. பிறகு லென்ஸின் நடுப்பகுதி புரை விழுந்து கெட்டிப்படும்போது அது ஒளியை முன்பைவிட அதிகமாக வளைக்கும். கண்ணில் கிட்டப்பார்வைக்கான ஒரு குறை புதிதாகச் சேர்கிறது, அதனால் படிப்பது சுலபமாகிறது. தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரிகிறதா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அது மங்கியிருக்கும். சர்க்கரை கூடினாலும் லென்ஸில் நீர் கோத்து இப்படிப் பவர் மாறலாம், ஆகவே ரத்தச் சர்க்கரையையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: கரண்ட் போனதும் ஒன்றுமே தெரிவதில்லை, கொஞ்ச நேரத்தில் தெரிகிறதே? (காரைக்குடி)

கண்ணின் பாப்பா, அதாவது கருவிழியின் நடுவில் ஒளி நுழையும் துளை, விரிவதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது 2 மி.மீ.லிருந்து 8 மி.மீ. வரை விரியும், அதனால் உள்ளே வரும் ஒளி 16 மடங்குதான் கூடும், அது போதாது. பெரிய வேலை விழித்திரையில் நடக்கிறது. பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள், மங்கிய வெளிச்சத்துக்குக் குச்சி செல்கள். குச்சி செல்லில் இருக்கும் ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதைந்துவிடும், இருட்டில் திரும்ப ஊற அரை மணி நேரம்கூட ஆகும். அது உருவாக வைட்டமின் ஏ வேண்டும், அந்தச் சத்து குறைந்தால் மாலைக்கண் வரும். விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சி செல்களே கிடையாது என்பதால், மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறையும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். இன்று ராத்திரி மொட்டைமாடியில் பாருங்கள், எனக்கு இன்னும் அலுக்காத விஷயம் இது.

கேள்வி: கண் முன்னால் பூச்சி பறப்பது போல இருக்கிறது. (சேலம்)

கண்ணுக்குள் இருக்கும் கூழ் வயதாகச் சுருங்கி இழை இழையாகப் பிரியும், அதன் நிழல் விழித்திரையில் விழுகிறது. ரொம்ப நாளாக ஒன்றிரண்டு இருந்தால் பயமில்லை. திடீரென்று நிறைய வந்தாலோ, மின்னல் மாதிரி வெட்டினாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விழித்திரை கிழிந்திருக்கலாம், தாமதித்தால் பார்வையே போகலாம்.

கேள்வி: பேத்திக்கு மூன்று வயது, இலேசான மாறுகண். அதிர்ஷ்டம், பெரியவளானால் சரியாகிவிடும் என்கிறார்கள். (நாகர்கோவில்)

அம்மா, காத்திருக்காதீர்கள். பிறந்து மூன்று நாலு மாதம் வரை கண் அவ்வப்போது விலகுவது சகஜம், மூன்று வயதில் சகஜமில்லை. இரு கண்ணும் வேறு வேறு திசையில் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய வேண்டும், ஆனால் குழந்தையின் மூளை அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஒரு கண்ணின் செய்தியை ஒதுக்கிவிடும். ஒதுக்கி ஒதுக்கி அந்தக் கண்ணுக்குப் பார்க்கவே தெரியாமல் போகும், கண்ணில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே! ஹியூபெல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து, மூளையில் அந்தக் கண்ணுக்கான இடத்தைத் திறந்த கண் பிடித்துக்கொள்வதைக் காட்டினார்கள், 1981-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். அதைத் திருப்பத்தான் நாங்கள் நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மூடச் சொல்கிறோம். ஏழெட்டு வயதுக்குள் என்றால் நன்றாகப் பலன் கிடைக்கும், அதற்குப் பிறகு கஷ்டம்.

விளையாட்டுப் போல ஒவ்வொரு கண்ணாக உங்கள் கையால் மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் அவள் கையைத் தட்டிவிட்டால், இன்னொரு கண் பார்க்கவில்லை என்று அர்த்தம் கொள்ளலாம். தட்டிவிடாவிட்டாலும் சரி, இந்த வாரமே குழந்தைகள் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.