மூன்றெழுத்துக்கு எத்தனை அர்த்தம்? ஆங்கிலக் குறுக்கெழுத்தில் 'செட்'

கேள்வி: ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர் போட ஆரம்பித்திருக்கிறேன். 'செட்' என்ற மூன்றெழுத்து விடை அடிக்கடி வருகிறது. ஆனால் ஒருமுறை 'குரூப்', இன்னொருமுறை 'ஹார்டன்ட்', அப்புறம் 'ரெடி' என்று குறிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. எல்லா அர்த்தத்தையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம், அது முடியவும் முடியாது. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவே இந்தச் சொல்லுக்குத்தான். சுமார் 60,000 சொற்களில் 430 பொருள்களை விளக்கியிருக்கிறார்கள்.

அர்த்தத்தைத் தேடும் முன், குறிப்பு எந்த வகைச் சொல் என்று பாருங்கள். குறிப்பு பெயர்ச்சொல் என்றால் விடையும் பெயர்ச்சொல்தான். நல்ல புதிர்களில் இந்த விதி தப்பாது. பெயர்ச்சொல்லாக வந்தால் டென்னிஸ் ஆட்டத்தின் ஒரு பகுதி, படப்பிடிப்பு அரங்கு, கணிதத்தில் வரும் கணம், டிவி எல்லாமே 'செட்'. பேட்ஜர் என்ற விலங்கின் வளைக்கும் இதே பெயர் உண்டு, அதைப் பெரும்பாலும் இரண்டு 'டி' போட்டு எழுதுவார்கள். பெயரடையாக வந்தால் 'ரெடி', 'ஃபிக்ஸ்ட்'.

வினைச்சொல்லில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குறிப்பு இறந்தகாலத்தில் இருந்தால் கடைசி இரண்டு கட்டங்களில் 'ஈ, டி' (ed) என்று பென்சிலால் எழுதி வைப்பது வழக்கம். 'செட்' இரண்டு காலத்திலும் மாறாது என்பதால் இங்கே அந்த வழக்கம் கைகொடுக்காது. 'ஹார்டன்' என்று கேட்டாலும் 'ஹார்டன்ட்' என்று கேட்டாலும் விடை ஒன்றுதான். 'புட்' என்ற குறிப்பு இன்னும் சிக்கல். மூன்றெழுத்தில் 'செட்' (set) வரலாம், 'லே'யும் (lay) வரலாம். அவசரப்பட்டு நிரப்பாமல், மேலிருந்து கீழாக வரும் சொல் நடு எழுத்தைத் தரும்வரை பொறுங்கள். 'ஈ' வந்தால் செட், 'ஏ' வந்தால் லே.

சந்தேகம் தீரவில்லையா? குறிப்பை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள். 'தி சிமென்ட் ஹேஸ் ஹார்டன்ட்' என்பதில் கடைசிச் சொல்லை எடுத்துவிட்டு 'செட்' போட்டுப் பாருங்கள். பொருள் மாறாமல் உட்கார்ந்தால் தாராளமாக எழுதலாம்.

விடையைச் சொல் விளையாட்டில் மறைத்துக் கேட்கும் கிரிப்டிக் வகைக்குப் போகும்போது இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அதில் நேரடி அர்த்தம் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், மீதியெல்லாம் சொல் விளையாட்டு. 'பார்ட் ஆஃப் ஹவுஸ் டூர் ரெடி' என்று நானே ஒரு குறிப்பு எழுதுகிறேன். இதைப் படித்ததும் மனம் வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிடும். அங்கே போகாதீர்கள், எழுத்துகளை மட்டும் பாருங்கள். 'பார்ட் ஆஃப்' என்றால் விடை உள்ளேயே ஒளிந்திருக்கிறது என்று பொருள். 'ஹவுஸ்' என்பதன் கடைசி எழுத்துகள் எஸ், ஈ. 'டூர்' என்பதன் முதல் எழுத்து டி. சேர்த்தால் 'செட்'. கடைசியில் நிற்கும் 'ரெடி'தான் நேரடி அர்த்தம். இந்தக் குறிப்பை நீங்களே ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

கிரிப்டிக் குறிப்பில் 'செட்டர்' என்று வந்தால் நாய் இனம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். புதிர் எழுதுபவருக்கும் அதே பெயர்தான், எனவே 'ஐ' அல்லது 'மீ' என்ற எழுத்துகளை அது குறிக்கலாம். மேற்கே மறையும் சூரியனும், உறையும் ஜெல்லியும்கூட அந்தப் பெயரில் வருவதுண்டு.