விலை கூடிய எபாக்சி வாங்கினால் மர லூர் வழுவழுப்பாகுமா?

கேள்வி: நானே செதுக்கும் மர லூர்களை (மீன் பிடிக்கும் பொய் இரைகளை) 400-ஆம் எண் உப்புத்தாள் வரைக்கும் தேய்க்கிறேன். தடவிப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கிறது. அக்ரிலிக் பெயிண்ட் அடித்துக் காய்ந்ததும் சொரசொரப்பாகிவிடுகிறது. அதன்மேல் எபாக்சி பூசினால் மேடு பள்ளம் இன்னும் நன்றாகத் தெரிகிறது. விலை கூடிய எபாக்சி வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். எபாக்சி ஒளி ஊடுருவும் பூச்சு. அடியில் இருக்கிற குறையை அது மறைக்காது. பளபளப்பு கூடக் கூட இன்னும் எடுத்துக்காட்டும். உங்கள் சிக்கல் பெயிண்டுக்குக் கீழே, மரத்தில் இருக்கிறது.

உப்புத்தாள் போடும்போது மர நார்கள் எல்லாம் அறுபடுவதில்லை. கொஞ்சம் அறுபடும், கொஞ்சம் அழுந்திப் படுத்துக்கொள்ளும். கைக்கு வழுவழுப்பாகத் தெரிவது அந்தப் படுத்த நார்தான். அக்ரிலிக் பெயிண்டில் தண்ணீர் இருக்கிறது. ஈரம் பட்டதும் நார் ஊதி எழுந்து நிற்கும், பெயிண்ட் அந்த நிலையிலேயே காய்ந்து இறுகிவிடும். அதனால் பெயிண்டுக்கு முன்னாலேயே நாமே அந்தப் பிசிறை எழுப்பி, அறுத்துவிட வேண்டும்.

120, 180, 220 என்று வரிசையாகத் தேயுங்கள். எண்ணைத் தாண்டிப் போகாதீர்கள். 120 போட்ட கீறல் 320-க்கு அடங்காது. 220 முடிந்ததும் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து லூர் முழுக்கத் துடையுங்கள். முழுசாகக் காய்ந்தபின் தடவிப் பாருங்கள், மூன்று நாள் தாடி மாதிரி குத்தும். இப்போது 320-ஐ மர ரேகையின் போக்கிலேயே லேசாக ஓட்டுங்கள். அழுத்தினால் பிசிறு மறுபடியும் படுத்துக்கொள்ளும். மறுபடி ஈரத்துணி, மறுபடி 320. பிசிறு எழுவது நிற்கும் வரைக்கும் இதைச் செய்யலாம். பெரும்பாலும் இரண்டு முறை போதும்.

வெறும் மரத்தில் 400-க்கு நான் போகவே மாட்டேன். மிகவும் மெருகேறிய மரம் சீலரை, அதாவது பெயிண்டுக்கு முன் மரத்தை அடைக்கப் பூசும் பூச்சை, சரியாகக் குடிக்காது. 400-க்கு வேலை சீலர் பூசியபின்தான் வருகிறது.

கையை மட்டும் நம்பாதீர்கள். இருட்டான அறையில் டார்ச்சைப் பக்கவாட்டில், லூரை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். கத்தி விட்டுப்போன தட்டையான முகங்கள், தலைப்பக்கம் குறுக்கே விழுந்த கீறல்கள் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். வாலும் மூக்கும் ரேகை வெட்டுப்பட்டு முடியும் இடங்கள் என்பதால் அங்கே மரம் அதிகம் குடிக்கும். சீலர் அந்த இரண்டு இடத்துக்கும் ஒரு கை கூடுதலாக வேண்டும்.

கேள்வி: ஒரு கடையில் வாங்கிய 400 ஒரு மாதிரி, இன்னொரு கடையில் வாங்கிய 400 வேறு மாதிரி அறுக்கிறது. எது போலி?

பதில்: இரண்டுமே அசலாக இருக்கலாம். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் ‘பி’ (P) எழுத்து இருந்தால் அது ஐரோப்பிய அளவுமுறை. எழுத்து இல்லாமல் வெறும் எண் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்க அளவுமுறை. 220 வரைக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குமேல் விலகிப் போகும். பி400 என்பது அமெரிக்க முறையில் 320-க்குப் பக்கம். ஏதாவது ஒரு முறையில் எல்லா எண்ணையும் வாங்கினால் குழப்பம் இல்லை.

வெறும் மரத்துக்கு அலுமினியம் ஆக்சைடு தாள் வாங்குங்கள். மேலே வெள்ளையாகப் பொடி பூசியது போல ஒரு ரகம் உண்டு. தூள் அடைக்காது, சீலரைத் தேய்க்கவும் நல்லது. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் கறுப்புத் தாள், சீலர் நன்றாக இறுகியபின் போதும். வெறும் மரத்தில் அதைத் தண்ணீரோடு போட்டால் மரம் ஊதிவிடும்.

தாளுக்குப் பின்னால் ஒரு துண்டு ஃபோம் அல்லது ரப்பரை வையுங்கள். பைன் போன்ற மரத்தில் ரேகைக்கு ரேகை கெட்டித்தன்மை மாறும். விரலால் அழுத்தித் தேய்த்தால் மென்மையான இடம் குழிந்து, கெட்டி ரேகை வரப்பாக நிற்கும்.

கேள்வி: சீலராக எதை வாங்குவது? சூப்பர் குளூ, சாண்டிங் சீலர், நெயில் பாலிஷ், ஆளி விதை எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: மரத்தைப் பொறுத்தது. பால்சா மாதிரி நகம் பட்டாலே குழியும் மரத்துக்குத் தண்ணீர்போல ஓடும் சூப்பர் குளூ அருமை. உள்ளே இறங்கி மேல்தோலையே கெட்டியாக்கிவிடும். ஆனால் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு செய்யாதீர்கள். அந்தப் பசை பருத்தியோடு சேர்ந்தால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும். புகை கண்ணை எரிக்கும், காற்றோட்டமான இடம் வேண்டும்.

கெட்டி மரத்துக்குச் சாண்டிங் சீலர். சீக்கிரம் காயும், பொடிப்பொடியாகத் தேயும், இரண்டு மூன்று பூச்சில் நார் மூடிவிடும். அது மட்டுமே தண்ணீரைத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம்; மேலே எபாக்சி கட்டாயம். ஆளி விதை எண்ணெய் நல்லதுதான், ஆனால் நன்றாகக் காயாமல் பெயிண்ட் அடித்தால் ஒட்டாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். நெயில் பாலிஷை வாங்காதீர்கள். பெயிண்டுக்கு மேல் பூசினால் அதிலுள்ள கரைப்பான் அந்தப் பெயிண்டைச் சுருக்கிவிடலாம், விலைக்கு அளவும் குறைவு.

எடைக்காக ஈயம் வைத்த துளையை மூடத் தண்ணீரில் கரையும் பட்டி வேண்டாம். எபாக்சியில் மரத்தூளைக் குழைத்து அடைத்து, கொஞ்சம் மேடாக விட்டு, காய்ந்தபின் சமமாகத் தேயுங்கள்.

எந்தச் சீலராக இருந்தாலும் பெயிண்டுக்கு முன் வெதுவெதுப்பான நீரில் லூரை முக்கிப் பாருங்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஊசித்துளை இருக்கிறது. குறித்துக்கொண்டு, காயவைத்து, அங்கே மட்டும் மறுபடி பூசுங்கள்.

1936-ல் பின்லாந்து மீனவர் லாரி ராப்பலா தக்கையில் செதுக்கிய லூருக்குச் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, புகைப்பட பிலிம் நெகட்டிவை உருக்கி மேல்பூச்சாகப் பூசினார். கிடைத்ததை வைத்தே செய்திருக்கிறார். மரத்துக்குப் பொருந்துகிற பொருளா என்பதுதான் கணக்கு.

கேள்வி: எபாக்சியில் குமிழி விழுகிறது. சில இடத்தில் பூச்சு ஒட்டாமல் வட்டமாக விலகுகிறது. ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம்தான் வாங்குகிறேன்.

பதில்: அந்த ஐந்து நிமிட ரகத்தை ஒட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். குமிழி மேலே வந்து உடைவதற்குள் அது கெட்டியாகிவிடும். மெதுவாக இறுகுவதை வாங்கி, லூரை நிதானமாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் வயிற்றுப் பக்கம் வழிந்து சொட்டாக நிற்கும். தினமும் செய்பவர்களுக்குச் சிறிய சுழற்றி மோட்டார் நல்ல முதலீடு. எப்போதாவது ஒன்று செய்பவர் கையாலேயே திருப்பலாம்.

வட்டமாக விலகுவது பெரும்பாலும் விரலின் எண்ணெய்ப்பசை. பெயிண்ட் அடித்தபின் லூரைக் கம்பியில் மாட்டி, கம்பியை மட்டும் பிடியுங்கள். குமிழிக்கு இன்னொரு காரணம், குளிர்ந்த அறையிலிருந்து எடுத்து வெப்பமான இடத்தில் பூசுவது. மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சு வழியே வெளியேறும். வெப்பம் இறங்கும் நேரத்தில் பூசினால் இது குறையும்.

எபாக்சி என்பது ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் கலந்தது. புட்டியில் சொன்ன கலவை விகிதம் கன அளவிலா எடையிலா என்று படியுங்கள்; இரண்டும் ஒன்றல்ல. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருக்கும். கையுறை அவசியம். எபாக்சி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம், வந்தால் போகாது.

கேள்வி: வாங்கி வைத்த ரெசின் வெள்ளையாகத் திரிந்துவிட்டது. கொட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம், அது குளிரில் படிகமானது. மூடியை இறுக்கி, புட்டியை வெந்நீரில் வைத்துத் தெளியும்வரை விடுங்கள். ஆறியபின் வழக்கம்போலப் பயன்படுத்தலாம். ஹார்டனர் மஞ்சளாகியிருந்தால், வெள்ளை பெயிண்ட் அடித்த ஒரு துண்டு மரத்தில் முதலில் பூசிப் பாருங்கள். இறுகிவிட்டது, நிறமும் உறுத்தவில்லை என்றால் அடர்நிற லூர்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கார் பெயிண்ட் கடையில் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் கிளியர் கோட் பிரமாதமாக இருக்கிறது. வீட்டில் அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். பளபளப்பு உண்மைதான், ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். அது நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமா வரவைக்கும். சாதாரண முகக்கவசம் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் கவசத்தோடு, தனிக் கூடத்தில் அடிக்க வேண்டிய பொருள் அது.