பட்டறைக் கேள்விகள்: புளியடியில் நிற்கும் செயின் டிராக்டர்

கேள்வி: எங்கள் அம்மப்பா வாங்கிய கேட்டர்பில்லர் டி2 செயின் டிராக்டர், வயல் வாடிக்குப் பக்கத்தில் புளியமரத்தின் கீழ் முப்பது வருடத்துக்கு மேலாக நிற்கிறது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்ட காலத்து இயந்திரம் என்று சொல்வார். கல்முனையில் ஒரு கராஜில் திருத்தித் தரலாம் என்கிறார்கள். ஆனால் எஞ்சின் அசையவே இல்லை. வேறொரு டிராக்டரைக் கட்டி வீதிவரை இழுத்து லொறியில் ஏற்றலாமா? மாமா, காஸ் கட்டரை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, வெட்டித் துண்டு துண்டாக ஏற்றுவதுதான் சுலபம் என்கிறார்.
– வாசகர், வெல்லாவெளி

பதில்: தம்பி, முதல் வேலையாக மாமா வாடகைக்கு எடுத்திருக்கும் காஸ் கட்டரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். வெட்டினால் அது டிராக்டர் இல்லை, கிலோக் கணக்கில் விற்கும் பழைய இரும்பு.

அம்மப்பா சொன்னதில் பொருத்தம் இருக்கிறது. டி2 உற்பத்தியானது 1938 முதல் 1957 வரை. கல்லோயா வேலை தொடங்கியது 1949இல். எஞ்சினில் இருக்கும் இலக்கத் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். 4யூ என்று தொடங்கினால் இரண்டு சங்கிலிகளின் நடுவுக்கு நடு 40 அங்குலம், 5யூ என்றால் 50 அங்குலம். லொறிக்காரரிடம் பேசும்போது இந்த அளவு உதவும். எடை ஏறக்குறைய 3 தொன்; முன்னால் மண் தள்ளும் தட்டு இருந்தால் அதற்கு மேல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சின் இறுகிப்போனது நகர்த்துவதற்குத் தடையே இல்லை. கியர் நடுநிலையில் இருந்தால், எஞ்சின் தூங்கினாலும் சங்கிலி உருளும். ஆனால் லீவர் நடுவில் நிற்கிறது என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே பற்சில்லு கறள் பிடித்து மாட்டியபடியே இருக்கலாம்; மூடியைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். கியரோடு இழுத்தால் இறுகிய எஞ்சினில் எது உடையுமென்று சொல்ல முடியாது. இழுத்து ஸ்டார்ட் ஆக்கிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். இது சிறிய இரட்டை சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் ஒன்றால் எழுப்பப்படும் டீசல். டீசல் பம்பின் உறுப்புகள் கறளில் சிக்கியிருந்தால், எழும்பிய பிறகு நிறுத்த முடியாமல் ஓடும்.

உருள விடாமல் பிடிப்பவை வேறு: பிரேக் பட்டி, சங்கிலி ஊசிகள், மண். சங்கிலிகள் பாதி புதைந்திருக்கும், புளியவேர் உள்ளே நுழைந்திருக்கும். அலவாங்கால் நெம்பாமல், இரண்டு பக்கமும் மண்வெட்டியால் தோண்டிச் சங்கிலியின் அடித்தகடு தெரியும்வரை எடுங்கள். இருக்கைக்குக் கீழே கைவிடுமுன் தடியால் தட்டுங்கள். நான் ஒருமுறை அங்கே ஒரு புடையன் பாம்போடு முகத்துக்கு முகம் பேசியிருக்கிறேன். சங்கிலி மூட்டுகளுக்கு டீசலும் பழைய ஒயிலும் கலந்து ஒரு வாரம் நாளும் ஊற்றுங்கள். பிரேக் சரிப்படுத்தும் திருகைத் தளர்த்திவிடுங்கள். ஒரு பக்கம் உருண்டு மறுபக்கம் பிடித்தால் வண்டி நேராக வராது, வட்டம் போடும்.

இழுக்குமுன் ஒயில் வடிக்கும் ஆணிகளைத் திறந்து பாருங்கள். கியர்ப் பெட்டிக்கு ஒன்று, பின்பக்கம் இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று. முதலில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும், பிறகு கறுத்த ஒயில் இழுவையாக இறங்கும். அதுவரை வடித்துப் புதிய ஒயில் ஊற்றாமல் ஒரு அடிகூட உருட்ட வேண்டாம்.

கட்டுவது பின்பக்க இழுவைக் கொக்கியில், அல்லது முன்னால் எஞ்சின் அடிக்காப்பில் உள்ள கொக்கியில். சங்கிலியில் கட்டாதீர்கள், ரேடியேட்டர் காப்பில் கட்டாதீர்கள். வயல் டிராக்டரால் இழுத்தால் அதன் முன்சில்லு மேலே எழும்பி ஓட்டுபவரைப் பின்னால் கவிழ்க்கும். எக்ஸ்கவேட்டரை எடுங்கள், மெதுவாக இழுக்கட்டும். கம்பி வடத்தின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, வடத்தின் நீளத்துக்கு அப்பால் ஆட்களை நிறுத்துங்கள். வளைத்து இழுக்க முடியாது, ஆகவே லொறிதான் நேர்கோட்டுக்கு வரவேண்டும்.

ஏற்றுவதில்தான் நான் பட்டவன். அம்பாறைப் பக்கம் ஒரு டி4ஐ, 4.5 தொன்னைத் தாண்டியது, இரும்புத் தட்டு லொறியில் ஏற்றினோம். தூறல் விழுந்தது. 'சிறு மழைதானே' என்றார் லொறிக்காரர், நானும் ஆமென்றேன். இரும்புச் சங்கிலி நனைந்த இரும்பில் வைத்த சோப்புக்கட்டி போல ஓரமாக வழுக்கி, லொறியின் பக்கப் பலகையைத் தகர்த்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் நின்ற பையன் ஒரு நொடி முன்புதான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். அன்றிலிருந்து பழைய டயர்த் துண்டுகளோ தடித்த மரப்பலகையோ விரிக்காமல் நான் எதையும் ஏற்றுவதில்லை. சரிவு நீளமாக, மெல்லியதாக இருக்கட்டும். ஏறியபின் நான்கு மூலைக்கும் செயின் புளொக்கால் இழுத்துக் கட்டி, சங்கிலிக்கு முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள்.

மாசிக் கடைசியில் பெரும்போக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்குமுன் செய்யுங்கள். அப்போதுதான் வயல்வட்டை நிலம் கெட்டியாக இருக்கும். வாய்க்கால் மதகுகள் லொறியையும் சுமையையும் சேர்த்துத் தாங்குமா என்று வயல்களைக் கவனிக்கும் வட்டைவிதானையிடம் கேளுங்கள். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடி வழியாகப் போய்விடலாம். வீதியில் தன் சங்கிலியால் ஓட விடாதீர்கள். தார் வீதியை உழுதுவிடும்.

கேள்வி: இறுகிய டீசல் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினால் இளகுமா? எத்தனை நாள் விட வேண்டும்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: புகைக்குழாய் திறந்தபடி மழையில் நின்ற எஞ்சினா? அப்படியானால் மண்ணெண்ணெய் மட்டும் போதாது. இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலும் ஒயிலும் கலந்து விட்டு, இரண்டு வாரமாவது பொறுங்கள். பிறகு நீண்ட கம்பியால் பறக்கும் சில்லை (ஃபிளைவீல்) முன்னும் பின்னும் ஒரு விரல் அளவு ஆட்டிப் பாருங்கள். ஒரே திசையில் முழுப் பலத்தோடு திருப்ப வேண்டாம். இளகாவிட்டால் எஞ்சின் தலையைக் கழற்றுங்கள். இன்னும் கழற்றாதவர்கள் புகைக்குழாயில் ஒரு பால்மா டின்னைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கலாம்.