கருக்குழாயை முழுவதும் எடுத்தது தவறா?

கரு கருப்பைக்கு வெளியே இடது கருக்குழாயில் தங்கியதால் உங்கள் மனைவிக்கு அந்தக் குழாயையே அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள், அது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறில்லை. நீங்கள் எழுதியபடி உங்கள் மனைவியின் வலது குழாய் நலமாக இருந்தால், இடது குழாயைக் கீறிக் கருவை மட்டும் அகற்றியிருந்தாலும் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு பெரிதாகக் கூடியிருக்காது. இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டு 2014இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 3 ஆண்டுகளுக்குள் கருத்தரித்தவர்கள் குழாய் எடுத்தோரில் சுமார் 56 விழுக்காடு, காத்தோரில் சுமார் 61. புள்ளியியல்படி இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று.

“காப்பாற்றியிருக்கலாமே” என்ற ஆதங்கத்துக்குப் பதில் பெரும்பாலும் திசுவில்தான் இருக்கிறது. நஞ்சுத்திசு (கருவைப் பற்றவைக்கும் நஞ்சுக்கொடித் திசு) குழாயின் உட்படலத்தோடு நிற்காமல் மெல்லிய தசைச்சுவரையும் ரத்த நாளங்களையும் அரித்துக்கொண்டு போவதால், சுவர் வெடித்து ரத்தம் நிற்காத நிலையில் தையல் பிடிக்கக்கூட அங்கு நல்ல திசு மிஞ்சுவதில்லை. கருவை மட்டும் எடுத்தால் அந்தத் திசுவின் துணுக்கு தங்கிவிடவும் கூடும், பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் இறங்கும்வரை வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை செய்ய நேரும்.

டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, ஆபரேஷன் நோட்ஸின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குழாய் வெடித்திருந்ததா, வயிற்றில் எவ்வளவு ரத்தம், வலது குழாய் எப்படி இருந்தது என்ற மூன்றையும் அதில் தேடுங்கள். நீங்கள் இருக்கும் தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை பக்கம்தான், அங்கே காட்டி இன்னொரு கருத்தும் கேட்கலாம்.

வலது குழாயில் பழைய தொற்றின் தழும்போ ஒட்டுதலோ இருந்தால் மேற்சொன்ன கணக்கு பொருந்தாது. அடுத்த முறை நாள் தள்ளினால் 6, 7 வாரத்திலேயே ஸ்கேன் செய்துவிடுங்கள். அடிவயிற்று வலியோடு தோள்பட்டை வலியோ மயக்கமோ வந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.